ஓய்ந்த காலுக்குள் ஒரு திருப்பணி

பௌர்ணமிக் கூட்டம் வடிந்த விடியற்காலைகளில், திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை வழியே செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை சைக்கிள் பயிற்சி செய்பவர்களுடையது. மலை வலப்புறம் கூடவே வருகிறது. 2,668 அடி உயர்ந்து நிற்கும் அதை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பும் நாம், அதை வலம்வரும் தொடைக்குள் நிகழ்வதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே நீளமுள்ள சார்க்கோமியர்கள் என்னும் தசை அலகுகள், கோடி கோடியாக அணிவகுத்து, ஒவ்வொரு மிதிக்கும் சுருங்கி விரிகின்றன. அவற்றுக்கான எரிபொருள் கிளைக்கோஜன்; நாம் உண்ட சோறும் பழமும் சர்க்கரையாகிக் கோக்கப்பட்ட சரம். நெடுநேரம் மிதித்தால் அது தீர்ந்துவிடும்.

தீர்ந்தபின் நடப்பதுதான் பேரதிசயம். 1966-இல் சுவீடனின் யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து ஆளுக்கு ஒரு காலால் மட்டும், சோர்ந்து நிற்கும்வரை மிதித்தார்கள். மறுகால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவு. ஊசியால் தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில், சும்மா இருந்த காலைவிட ஏறக்குறைய இரு மடங்கு கிளைக்கோஜன்! ஒரே உடல், ஒரே இரத்தம், ஒரே சோறு. ஆனாலும் எந்தக் கால் தன்னை வெறுமையாக்கிக்கொண்டதோ, அதற்கே வாரி வழங்கப்பட்டிருந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் செய்தி இது.

மறுநாள் தொடை கடுப்பதற்கு லாக்டிக் அமிலத்தைக் குறைசொல்கிறோம். அது ஓரிரு மணி நேரத்திலேயே விலகிவிடுகிறது. கடுப்பு, பழகாத உழைப்பில் இழைகளுக்குள் விழுந்த நுண்ணிய கிழிசல்களைத் தொடர்ந்து வருவது. வெள்ளணுக்கள் வந்து சிதைவை அகற்றுகின்றன. தசையிழையின் ஓரத்தில் அடங்கிக் கிடக்கும் சாட்டிலைட் செல்கள் தேவைக்கேற்ப விழித்துப் பெருகி, இழையோடு இழையாய்க் கலந்துவிடுகின்றன. 1961-இல் தவளைத் தசையில் அலெக்சாண்டர் மௌரோ கண்டு சொல்லும்வரை, நம் ஒவ்வொருவருக்குள்ளும் இந்தத் திருப்பணி யாரும் அறியாமலே நடந்து வந்திருக்கிறது.

அதற்கு வேண்டிய பொருளான புரதம் நம் அடுக்களையிலேயே உண்டு. புரதத்தின் கூறுகளில், அரிசியில் குறைவான லைசின் பாசிப்பருப்பில் நிறைவு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. அந்தப் பெயர்களே பிறக்காத காலத்தில், இரண்டையும் ஒரே பானையில் இட்டுப் பொங்கல் வைத்தவர்கள் நம் பாட்டிமார். திருவண்ணாமலை மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டையின் (நிலக்கடலையின்) எடையில் ஏறத்தாழ கால்பங்கு புரதம்.

சைக்கிளை விட்டு இறங்கிய முதல் சில மணி நேரம், சர்க்கரையை ஏற்கும் வாசல்கள் தசையில் அகலத் திறந்திருக்கின்றன. அன்றே மீண்டும் மிதிக்க வேண்டியவர் அப்போதே உண்பது நல்லது. மற்றவர்க்கு அவசரமில்லை. நன்றாக உண்டால் ஒரு நாளில் கிளைக்கோஜன் நிரம்பிவிடும். கிழிந்த இழைகளோ இன்னும் சில நாள் கேட்கும். அதுவரை மலையை மெதுவாகவே சுற்றலாம்.