வெள்ளக் கணக்கில் எழுதப்படாத மாடு

2011ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றுக்கொண்டிருந்த நாங்கள் சிலர், வெள்ளத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவுவதற்காக ஒரு பாடசாலைக்குச் சென்றிருந்தோம். வகுப்பறைகள் எல்லாம் ஈரப் பாய்களும் ஈர உடுப்புகளுமாக இருந்தன. எனக்குத் தரப்பட்ட வேலை படிவம் நிரப்புவது. குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டுச் சேதம், அழிந்த வயல் எத்தனை ஏக்கர் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்.

வரிசையில் நின்ற ஒரு அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நகராமல் நின்றார்.

“புள்ள, மாட்ட எழுத இதில இடமில்லையா?”

படிவத்தைப் பார்த்தேன். இடம் இருக்கவில்லை. பின்னால் நீண்ட வரிசை நின்றது. “அதைப் பிறகு பார்ப்பம் அக்கா. உயிர் தப்பி வந்ததே பெரிய காரியம்தானே” என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அந்த வெள்ளத்தில் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது எமது மட்டக்களப்பு மாவட்டம். அறுவடைக்குக் காத்திருந்த பெரும்போக நெல் நீரில் அழுகியது. அந்தப் பெரிய இழப்பின் நடுவே ஒரு பெண் கேட்ட ஒரு கேள்வி என் நினைவிலிருந்து நழுவிப் போனது. அதை எனக்கு ஞாபகப்படுத்த இன்னொரு மாரி வரவேண்டியிருந்தது.

மாரியும் மாடும்

எமது மாவட்டத்தை அறியாத வாசகிகளுக்காகச் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். எமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையிலான நான்கு மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுடன் கொட்டுகிறது. அதே மாதங்கள்தான் பெரும்போகம். படுவான்கரையிலும் கிரானுக்கு மேற்கேயும் வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகளுக்கு அங்கே இடமில்லை. பட்டிகளை மேற்கே மாதவனை, மயிலத்தமடு போன்ற மேய்ச்சற்தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்து, வயலில் ஒட்டு மட்டும் நிற்கும் காலத்தில் திரும்பக் கொண்டு வருவார்கள். பரம்பரை பரம்பரையாக நடந்து வரும் ஒழுங்கு இது.

பெரிய பட்டிகளோடு ஆண்கள் போய்விட, பால் கறக்கும் இரண்டு மூன்று பசுக்கள் வீட்டு வளவில் பெண்களிடம் நிற்கும். மேற்கிலிருந்து வரும் ஆறுகள் பெருகி, குளங்களும் வான் பாயும்போது முதலில் மூழ்குவது இந்தத் தாழ்ந்த வளவுகள்தான். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கி, அப்பால் இருக்கும் கிராமங்களுக்குப் படகிலோ உழவு இயந்திரத்திலோ போய்வரும் நிலை மாரியில் அடிக்கடி ஏற்படுவதாகும். வீதி மூடப்பட்டால் பால் எடுக்க வரும் வண்டியும் வராது. காய்ச்சித் தயிராக்கியது போக மிச்சம் மண்ணுக்குத்தான்.

அந்தப் பால் காசு யாருடையது? பல வீடுகளில் அதுவே பெண்ணின் கையில் நேரடியாக வரும் ஒரே காசு. பிள்ளையின் கொப்பி, பஸ் காசு, கிளினிக் செலவு, சீட்டுப் பணம் எல்லாம் அதிலிருந்துதான். வங்கிப் புத்தகம் இல்லாத பெண்ணுக்கு நாகு ஒன்று வளர்வது வைப்பு வளர்வது போன்றதாகும். மகளின் கலியாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ அவள் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

2022 டிசம்பர்

2022ஆம் ஆண்டு டிசம்பர் இரண்டாம் வாரம். வங்கக் கடலில் மண்டூஸ் புயல் நகர்ந்துகொண்டிருந்த நாட்கள். எங்களுக்குப் பெருவெள்ளம் வரவில்லை. மழைத் தூறலோடு, நாங்கள் பழகியிராத கடும் குளிர்காற்று வீசியது. அந்த இரண்டு மூன்று நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. முதலில் நோய் என்று பயந்தார்கள். பின்னர் குளிரே காரணம் என்று கால்நடைத் திணைக்களம் அறிவித்தது.

அப்போது நான் சமூக சேவையாளராக வேலை செய்யத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. புலிபாய்ந்தகல்லுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துக்கு மாதர் சங்க அங்கத்தவர்களைப் பார்க்கச் சென்றேன். ஒரு வேலியோரத்தில் ஒரு பசுவும் மூன்று கன்றுகளும் விறைத்துக் கிடந்தன. சாக்கினால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் குந்தியிருந்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த முறை எழுத இடம் இரிக்கா புள்ள?”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். பதினொரு வருடங்களுக்கு முன் அந்தப் பாடசாலையில் நான் எழுதிய படிவத்தைப் பற்றி. நான் அவரை மறந்திருந்தேன். அவர் என்னை மறக்கவில்லை.

அன்று நான் கேட்காமல் விட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். 2011இல் அவருக்கு மூன்று பசுக்களும் இரண்டு கன்றுகளும் இருந்திருக்கின்றன. இரவில் தண்ணீர் முற்றத்துக்கு ஏறியது. படகு வந்தது. ஆட்கள் மட்டும் ஏறலாம் என்றார்கள். “விடியச் சென்று பாப்பம் எண்டு கட்டினது கட்டினபடி விட்டுட்டு வந்த நாங்க. தண்ணி வடிய அஞ்சு நாள். கயிறு எட்டுற தூரத்துக்குத்தான் அதுகள் நிண்டிரிக்கு. அவிட்டு விட்டிருந்தா நீந்தியாவது மேட்டுக்குப் போயிருக்கும்.”

மாடு நன்றாக நீந்தும். இது மாடு வளர்க்கும் எவருக்கும் தெரிந்த விடயம். அவருக்கும் தெரியும். ஆனால் வயலில் பயிர் நிற்கும் காலத்தில் மாட்டை அவிழ்த்து விட்டால் யாருடைய பயிரிலாவது வாய் வைக்கும், தண்டம் கட்ட வேண்டி வரும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் கயிறு அப்படியே கிடந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் அவர் அன்று வரிசையில் நகராமல் நின்றிருக்கிறார். நான் “உயிர் தப்பி வந்ததே பெரிய காரியம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

குளிர் ஏன் கொன்றது?

பின்னர் ஒரு கால்நடை வைத்தியரிடம் விபரம் கேட்டேன். அவர் எளிமையாக விளக்கினார். மாட்டின் வயிற்றில் புல்லும் வைக்கோலும் புளித்துச் சமிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அதுதான் மாட்டுக்கு உள்ளே இருக்கும் அடுப்பு. தொடர்மழையில் மேயப் போகாமல், வெறும் வயிற்றோடு, நனைந்த உடம்போடு, மறைப்பில்லாமல் காற்றில் நிற்கும் மெலிந்த மாட்டுக்கு அந்த அடுப்பு அணைந்துவிடுகிறது. கன்றுகளும் சினை மாடுகளும் முதலில் விழும்.

குளிருக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய மாட்டுக்கு அடுத்த ஆபத்து சேறு. நாட்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பு அழுகும். அழுக்கான மடியில் அழற்சி வந்து பால் கெடும். தொண்டை அடைப்பான் நோய் மழைக்காலத்திலேயே அதிகம் வரும். எருமைகளையும் மாடுகளையும் ஓரிரு நாட்களில் சாய்த்துவிடும். தடுப்பூசி உண்டு. ஆனால் அதை மழைக்கு முன்னரே போட வேண்டும். தண்ணீர் ஏறிய பின் எந்த வைத்தியர் எப்படி வருவார்?

அதே சேற்றில்தான் பெண்களும் வெறுங்காலுடன் நின்று பால் கறக்கிறார்கள். எலிக்காய்ச்சல் பரவுவதும் அவ்வாறான நீரிலும் சேற்றிலும்தான். தடுப்பு மாத்திரை வயற்காரருக்கு மட்டும் உரியதல்ல. மாட்டுப் பட்டியில் வேலை செய்யும் பெண்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். கேட்கலாம் என்பதே எமது சங்கப் பெண்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

யாருடைய பெயரில்?

இறந்த நான்கையும் பதிவு செய்ய அக்காவோடு நானும் சென்றேன். முதல் கேள்வி, காதுத் தகட்டு இலக்கம் என்ன? பசுவுக்கு மட்டும் தகடு இருந்தது. இரண்டாவது கேள்வி, யாருடைய பெயரில்? அவருடைய கணவரின் பெயரில். கணவர் இறந்து ஆறு வருடங்கள். பெயர் மாற்றப்படவில்லை. கன்றுகளுக்குத் தகடும் இல்லை, சீட்டும் இல்லை. அவை பதிவேட்டின்படி பிறக்கவே இல்லை. இறந்தது எப்படி? “ஆவணம் கொண்டு வாருங்கள், பார்ப்போம்” என்றார்கள். அலுவலர் கடுமையாகப் பேசவில்லை. அவர் முன் இருந்த படிவத்தில் அந்தக் கன்றுகளுக்கு இடமில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு இருந்தவள்தானே!

ஒரு சமூகவியல் மாணவியாக எனக்கு வியப்பளித்தது இதுதான். மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய சமூகம் எங்களுடையது. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே சீதனமாக எழுதப்படுகின்றன. ஆனால் மாட்டுக்குப் போடும் குறியும், சீட்டில் எழுதும் பெயரும் பெரும்பாலும் ஆணுடையவை. சாணி அள்ளுவதும், பால் கறப்பதும், கன்றுக்கு மருந்து கட்டுவதும் பெண். வெள்ளத்துக்குப் பிறகு வரிசையில் நிற்பதும் பெண். உரிமையாளர் மட்டும் வேறு ஆள்.

மேய்ச்சற்தரைப் பிரச்சினையும் இதோடு சேர்ந்தது. மாதவனை, மயிலத்தமடுவில் அத்துமீறிய பயிர்ச்செய்கை நடப்பதாகக் கூறிப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். மேற்கே கொண்டு போக முடியாத மாடுகளுக்கு மாரியில் மிஞ்சுவது தாழ்ந்த வளவும் வீதியோரமும்தான். மேய்ச்சல் நிலம் பற்றிய கூட்டங்களில் பெண்கள் பேசி நான் கேட்டது மிகக் குறைவு. ஆனால் அங்கே நிலம் குறுகினால் இங்கே அவர்களின் முற்றத்தில்தான் மாடு சாகிறது.

ஒரு சிஆர் கொப்பி

2023ஆம் ஆண்டு எங்கள் மாதர் சங்கம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு சிஆர் கொப்பி வாங்கியது. ஒவ்வொரு அங்கத்தவரும் வைத்திருக்கும் மாடு, நிறம், குறி, காதுத் தகட்டு இலக்கம், பிறந்த கன்று, சீட்டு யார் பெயரில் என்பன அதில் எழுதப்பட்டன. கணவர் இறந்த, அல்லது பிரிந்து சென்ற எட்டுப் பெண்கள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தார்கள். அலைந்தார்கள். ஐவருக்குச் சரிவந்தது. அக்கா அவர்களில் ஒருவர்.

ஆவணி, புரட்டாதியில் தடுப்பூசிக்கு நாள் கேட்டுக் கடிதம் கொடுக்கிறோம். முன்பு வயலில் எரித்த வைக்கோலில் ஒரு பகுதியை ஏற்றி வந்து பரணில் போட்டு மூடி வைக்கிறார்கள். குளிர் இரவில் கன்றுக்குச் சாக்குப் போர்க்கிறார்கள், காற்று வரும் பக்கம் கிடுகு அல்லது தறப்பாள் கட்டுகிறார்கள். தண்ணீர் வந்தால் மாடுகளை எந்த மேட்டுக்குச் சாய்ப்பது என்று வயற்காரரோடு பேசி ஒரு இடம் தீர்மானித்தோம். அது இலகுவாக இருக்கவில்லை. குளக்கட்டில் ஏற்றினால் கட்டு பழுதாகும் என்றார்கள். காட்டோர மேட்டில் யானைப் பயம். கடைசியில் ஒரு கோயில் காணிக்கு உடன்பட்டார்கள். அவ்வாறான நாட்களில் பயிரில் வாய் வைத்தால் தண்டம் கேட்பதில்லை என்றும் பேசி முடித்தோம். என்னைக் கேட்டால் அந்த ஒரு பேச்சுத்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கயிற்றை அவிழ்க்க விடாமல் தடுத்தது அந்தப் பயம்தானே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை அது பறித்தது. மலையகத்து மக்களின் துயரத்தின் முன் மாட்டைப் பற்றிப் பேசுவது சிறிய காரியமாகத் தோன்றலாம். 2011இல் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் பக்கத்துத் தாழ்நிலங்களிலும் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்த இரவில் தொலைபேசி அடித்தது. அக்கா.

“அவிட்டு விட்டாச்சு புள்ள. எல்லாத்தையும் மேட்டுக்குச் சாய்ச்சாச்சு. இனி நாங்க வெளிக்கிடுறம்.”

ஒரு கன்று தப்பவில்லை. மற்றவை தப்பின. வெள்ளம் வடிந்தபின் நான் சென்றபோது அக்கா கொப்பியை எடுத்து, அந்தக் கன்றின் இலக்கத்துக்கு நேரே திகதியைத் தானே எழுதிக் காட்டினார்.

சகோதரிகளே, நிவாரணப் படிவங்களில் மாட்டுக்கு ஒரு நிரல் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். அது வரும் வரை நான் படிவத்தின் ஓரத்தில் கையால் எழுதுகிறேன். நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த ஐப்பசிக்கு முன், உங்கள் வளவில் நிற்கும் மாட்டின் சீட்டை எடுத்து, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். கன்றுக்குத் தகடு இல்லையென்றால் இப்போதே கேளுங்கள். இரவில் கட்டும்போது, இருட்டிலும் ஒரே இழுப்பில் அவிழக்கூடிய முடிச்சாகக் கட்டுங்கள்.