பனி தேசத்தில் ஒரு திருத்தணி வைத்தியர்!

மே மாதத்தில் எங்கள் திருத்தணிக்கு வந்திருக்கிறீர்களா? 43, 44 டிகிரி எல்லாம் எங்களுக்குச் சாதாரணம். டி.வி. செய்தியில் ‘தமிழகத்தில் அதிகபட்சமாக...’ என்று ஆரம்பித்தாலே, வேலூரா, திருத்தணியா என்று வீட்டில் பந்தயம் கட்டுவோம். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன் நான். மார்கழியில் வெப்பம் 18 டிகிரிக்கு இறங்கினால் போதும்... மங்கி குல்லா, மஃப்ளர், கம்பளி என்று ஊரே வேஷம் கட்டிக்கொள்ளும்.

இந்த லட்சணத்தில், 2022 டிசம்பர் முதல் வாரம் நானும் என் மனைவியும் கனடா போய் இறங்கினோம். டொரன்டோ நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில் மகள் இருக்கிறாள். தலைப்பிரசவம். நம்ம வழக்கப்படி தாய் வீட்டில்தானே பிள்ளை பெறணும்? மகளால் வர முடியவில்லை. அதனால் தாய் வீடே விமானம் ஏறிவிட்டது!

பெட்டியில் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், தைலம் எல்லாம் ரெடி. ‘கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவத்துக்கும் உணவு, ஒழுக்கம் படித்தவன். எனக்குத் தெரியாத பனியா?’ என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பு எத்தனை நாள் தாங்கியது என்கிறீர்கள்? சரியாக மூன்று வாரம்!

கதவைத் தொட்டால் ஷாக்!

முதல் வாரம் வெளிக் குளிரைவிட வீட்டுக்குள்தான் வேடிக்கை. கதவுக் கைப்பிடியைத் தொட்டேன். ‘சுரீர்’ என்று ஷாக் அடித்தது. “மாப்பிள்ளை, வீட்டுல ஒயரிங் சரியில்ல. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க” என்றேன். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மாமா, அது ஒயரிங் இல்லை. நீங்கதான்!” என்றார்.

விஷயம் இதுதான். குளிர்ந்த காற்றில் ஈரம் அதிகம் தங்காது. அந்தக் காற்றையே வீட்டுக்குள் ஹீட்டர் சூடாக்கும்போது அது அப்பளம் மாதிரி காய்ந்துவிடுகிறது. காய்ந்த காற்றில், கம்பளி விரிப்பில் நடக்கும்போது உடம்பில் மின்னேற்றம் சேர்ந்து, உலோகத்தைத் தொட்டதும் பொறி பறக்கிறது. ஆபத்தில்லை. ஆனால் அதே காய்ந்த காற்றால் உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், ராத்திரி மூக்கில் ரத்தம் கசியும். என் மனைவிக்கு மூன்றாம் நாளே மூக்கில் ரத்தம். பிரஷர்தான் ஏறிவிட்டது என்று பயந்தே போனேன். பார்த்தால் பிரஷர் நார்மல்!

காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபயர் கருவியை வைத்ததும் சரியாயிற்று. வீட்டில் ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. குளித்துத் துவட்டிய சூட்டோடு, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால், அந்த ஈரம் பறந்து போகாது. பாதத்தில் தடவினால் உடனே காலுறை போடுங்கள். இல்லாவிட்டால் மரத் தரையில் வழுக்கும்!

சாம்பிராணி போட்டால் சைரன்!

அடுத்த கூத்தை அரங்கேற்றியவர் என் சம்சாரம். நிறைமாதப் பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றி, கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டினால்தான் அவளுக்கு மனசு ஆறும். கரித்துண்டைக் கொளுத்தி, சாம்பிராணியைத் தூவினாள். இரண்டே நிமிஷம். கூரையிலிருந்த கருவி ‘கீ... கீ...’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த ஆரம்பித்தது. மகள் ஒரு பக்கம் ஜன்னலைத் திறக்கிறாள், மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் விசிறுகிறார். “ஏங்க, சாமி கும்பிட்டாக்கூடவா இந்த ஊர்ல சங்கு ஊதுவாங்க?” என்கிறாள் இவள்!

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். அந்த ஊர் வீடுகளில் குளிருக்காக ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கமாக அடைத்திருக்கும். அங்கே கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வந்து உயிரையே கொண்டுபோய்விடும். சாம்பிராணிக் கரி மட்டுமல்ல, குளிர்காய வைக்கும் கரியடுப்பும் அப்படித்தான். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

வலி நின்றது நல்லதுக்கில்லை!

இப்போது என் மிதப்பு இறங்கிய கதைக்கு வருகிறேன். 2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவையும் கனடாவையும் ஒரு பெரும் பனிப்புயல் புரட்டிப் போட்டது. டொரன்டோவில் மழை ஈரம் சில மணி நேரத்தில் கண்ணாடியாக உறைந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள அமெரிக்காவின் பஃபலோ நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காருக்குள் சிக்கிக்கொண்டவர்கள், வீட்டில் கரண்ட் போய் விறைத்தவர்கள், பனியை வாரும்போது மாரடைப்பு வந்தவர்கள்... இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு எண்ணெய்க் குளியல் நாள். எந்த தேசமானால் என்ன? வெந்நீரில் முழுகினேன். ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை என்றாள் மனைவி. தெருமுனை தாண்டி நம்ம தமிழ்க்கடை இருக்கிறது. “அப்பா, தலை ஈரமா இருக்கு. தொப்பி போடுங்க” என்று மகள் கத்தக் கத்த, “முருகன் மலை 365 படியை மூச்சு வாங்காம ஏறுறவன்மா நான்!” என்று வசனம் பேசிவிட்டுக் கிளம்பினேன்.

பத்து நிமிஷ நடை, வழுக்கலில் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. முதலில் காது எரிந்தது. அப்புறம் ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. அப்புறம் வலியே இல்லை. ‘பார்த்தியா, உடம்பு பழகிடுச்சு!’ என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். தலைமுடியைத் தொட்டால் ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நிற்கிறது!

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர் பனிக்கு உப்பு தூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “ஐயா, உங்கட காது மெழுகு மாதிரி வெள்ளையாக் கிடக்கு!” என்றார். நான் உடனே உள்ளே ஓடி, தைலத்தைச் சூடு பண்ணி, பரபரவென்று தேய்க்கப் போனேன். பின்னாலேயே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தேய்க்காதேங்கோ! தேய்ச்சா காது கையோட வந்திடும்!”

பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன். சுட்டுவிரலில் நுனி இல்லை.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதற்கு அடுத்த வருஷம் கனடா வந்தவர் இவர். முதல் குளிர்காலத்தில் சரியான கையுறை வாங்கக் காசில்லாமல், கார் நிறுத்துமிடத்தில் பனி வாரும் வேலை பார்த்திருக்கிறார். “விரல் மரத்துப் போச்சு. அடுப்பில பிடிச்சுத் தேய்ச்சனான். சூடே தெரியேல்லை. தெரியேக்க விரல் போயிட்டுது” என்றார், சாதாரணமாக.

முப்பது வருஷமாக நாடி பிடிக்கிறவன் வாய் மூடி நின்றேன். இளஞ்சூடான தண்ணீரில் துணியை நனைத்து, காதில் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். உணர்ச்சி திரும்பும்போது வந்த வலி இருக்கிறதே... பிரசவத்துக்கு வந்தவன் பிரசவ வலி மாதிரி கத்தினேன்! நல்லவேளை, மேல்தோலோடு போயிற்று. நாலு நாளில் தோல் உரிந்து காது தேறியது.

ஏன் தேய்க்கக் கூடாது?

குளிரில் உடம்பு முதலில் இதயம், மூளை, நுரையீரலைக் காப்பாற்றப் பார்க்கும். அதனால் காது, மூக்கு, விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் குறைந்த இடம் மரத்து, பிறகு திசுவில் இருக்கும் நீரே பனிக்கட்டித் துகளாக உறையும். அப்போது தேய்த்தால் அந்தத் துகள்கள் உள்ளே கண்ணாடிச் சில்லு மாதிரி கிழிக்கும். நெருப்பில் காட்டினால் உணர்ச்சி இல்லாத தோல் வெந்துபோவதே தெரியாது.

இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை. 1812-ல் நெப்போலியன் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது, உறைந்த கைகால்களை நெருப்பில் காட்டி வீரர்கள் கெடுத்துக்கொண்டதைப் பார்த்த அறுவை மருத்துவர் லாரே, பனியைக்கொண்டே தேய்க்கச் சொன்னார். அந்தத் தப்பான வைத்தியம் நூறு வருஷத்துக்கு மேல் உலகத்தில் நடமாடியது. அளவான சூட்டு நீர்தான் சரி என்று பின்னால்தான் தெளிந்தார்கள்.

இன்னொன்று... தெர்மாமீட்டர் காட்டுவது மட்டும் குளிர் அல்ல. வெப்பம் மைனஸ் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று மணிக்கு 45 கிலோ மீட்டர் வேகத்தில் வீசினால், உடம்புக்கு அது மைனஸ் 24 மாதிரி. இதைத்தான் ‘விண்ட் சில்’ என்று அங்கே வானிலைச் செய்தியில் சொல்கிறார்கள். மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்தில் உறைந்துவிடலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

இப்போதெல்லாம் என் கிளினிக்குக்கு நகரி, புத்தூர், அரக்கோணம் பக்கமிருந்து பெற்றோர்கள் வருகிறார்கள். “டாக்டர்காரு, பாப்பா கனடாலோ உந்தி. சலிக்கு மந்து இவ்வண்டி” என்று குளிருக்கு மருந்து கேட்கிறார்கள். நான் முதலில் என் காதைக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.

* ஒரே தடி ஸ்வெட்டரைவிட மூன்று அடுக்கு உடை நல்லது. வியர்வையை உறிஞ்சித் தேக்காத உள்ளாடை, நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட்டு. அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உண்மையான போர்வை. பருத்தி நனைந்தால் குளிரைக் கூட்டும்.

* ஈரத் தலையோடு வெளியே போகாதீர்கள். எண்ணெய்க் குளியல் போட்டால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

* மரத்துப்போன இடத்தைத் தேய்க்காதீர்கள். 37 - 39 டிகிரி நீர் போதும். மரத்தவர் கையால் சூடு பார்க்கக் கூடாது; வேறு ஒருவர் முழங்கையால் பார்க்கட்டும். கொப்புளம் வந்தாலோ, உணர்ச்சி திரும்பாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

* சர்க்கரை நோயாளிகளே, உங்கள் பாதத்துக்கு ஏற்கெனவே உணர்ச்சி குறைவாக இருக்கலாம். வெளியே போய் வந்ததும் விரல் விரலாகப் பாருங்கள்.

* ‘சும்மாதானே இருக்கோம், பனியை வாரலாமே’ என்று மண்வெட்டியைத் தூக்காதீர்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அதோடு மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கினால் இதயம் தாங்காது. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான கணக்கை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். பெரும் பனி பெய்த மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்திருந்தது.

* நடையில் பெங்குவின்தான் குரு! சின்னச் சின்ன அடி, பாதம் முழுக்கத் தரையில், கை வெளியே. விழுந்து எலும்பு முறிந்தால் நம்ம புத்தூர் கட்டு அங்கே கிடைக்காது!

* சுக்கு மல்லிக் காபி, மிளகு ரசம் தொண்டைக்கு இதம். ஆனால் அதை நம்பி பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். மது சூடு தரும் என்பது பொய். தோலில் சூடு தெரியும். உள்ளே உடம்பு சூட்டை இழக்கும்.

* பயணிகளுக்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. இருக்கிற வியாதியை மறைக்காமல் சொல்லி இன்ஷூரன்ஸ் எடுங்கள்.

சூரியன் இல்லாத ஊரில் ஒரு குழந்தை

டிசம்பர் 31 அன்று எங்கள் மலையில் படிப்பூசை. திருத்தணியில் நள்ளிரவு என்றால் டொரன்டோவில் மதியம் ஒன்றரை. மாப்பிள்ளையின் போனில் வீடியோ பார்த்து, சோபாவில் உட்கார்ந்தபடியே 365 படியும் ஏறினேன். பொங்கல் முடிந்த வாரம் பேத்தி பிறந்தாள்.

நர்ஸ் வந்து, “தாய்ப்பால் குடிக்கிற குழந்தை, தினமும் 400 யூனிட் வைட்டமின் ‘டி’ சொட்டு கொடுங்கள்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம்ம ஊரில் பச்சைக் குழந்தையைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுவோம். அதைவிடவா சொட்டு மருந்து?

மகள் எதுவும் பேசாமல் ஜன்னல் திரையை விலக்கினாள். மணி பத்து. வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. அவ்வளவு வடக்கில் குளிர்காலச் சூரியன் சாய்ந்தே வருவதால், வெயில் அடித்தாலும் தோல் வைட்டமின் ‘டி’ தயாரிக்கப் போதாது. நம்ம மாநிறத் தோலுக்கு இன்னும் கஷ்டம். விட்டால் குழந்தையின் எலும்பு வளையும்.

நான் படித்த பருவ ஒழுக்கமெல்லாம் நம்ம மண்ணையும் நம்ம வெயிலையும் பார்த்துப் பார்த்து எழுதியவை. மண் மாறினால் ஒழுக்கமும் மாறணும் என்பதுதான் அந்த வைத்தியத்தின் சாரமே. சொட்டு மருந்தை நானே என் கையால் பேத்தியின் வாயில் விட்டேன்.

இந்த வருஷம் யாராவது பிள்ளையைப் பார்க்கப் பனி தேசம் கிளம்புகிறீர்களா? சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், தைலம் எடுத்துக்கொள்ளுங்கள். வீம்பை மட்டும் திருத்தணி ஸ்டேஷனிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். முக்கியமாக... மகள் “அப்பா, தொப்பி!” என்றால், மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொள்ளுங்கள்!