இணைப்பு பெண்ணின் பெயரில். உருளை வாங்கும் பணம் யாரிடம்?

திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்காலை நாளில், பண்டார அடுப்பில் மூட்டப்படும் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி, கிழக்கேகோட்டை உள்ளிட்ட நகரச் சாலைகளில் உள்ள செங்கல் அடுப்புகளைச் சென்றடைகிறது. புகையில் கண் கலங்க, லட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடுகின்றனர். அது ஆண்டுக்கு ஒரு நாள் வழிபாடு. அன்றாடம் விறகில் சமைப்போருக்கோ, அதே புகை நோயாகிறது. சமையல் எரிபொருள் உள்ளிட்டவற்றால் வீடுகளில் ஏற்படும் காற்று மாசினால் 2020-இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்நிலையை மாற்ற, மத்திய அரசு 2016 மே 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்தின் வயதுவந்த பெண்ணின் பெயரிலேயே சமையல் எரிவாயு இணைப்பு வழங்கப்படுகிறது. இதுவரை 10 கோடிக்கும் அதிகமான இணைப்புகள் அளிக்கப்பட்டுள்ளன. வீட்டின் ஆவணங்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருக்கும் நாட்டில் இது சிறிய மாற்றமல்ல.

எனினும், முதல் உருளை தீர்ந்த பின்னரே சிக்கல் தொடங்குகிறது. அடுத்த உருளையை வாங்கலாமா என்பதைக் கையில் பணம் வைத்திருப்பவரே முடிவு செய்கிறார். கூலி குறைந்த மாதத்தில் விறகு செலவில்லாதது எனக் கருதப்படுகிறது. அதைச் சேகரிக்கும் பெண்ணின் உழைப்பு கணக்கில் வருவதில்லை. மானியத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு. 2025-26 நிதியாண்டில் 14.2 கிலோ உருளைக்கு 300 ரூபாய் வீதம், 9 உருளைகள் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. ஆனால், முழு விலையையும் முதலில் செலுத்திய பிறகே அத்தொகை வங்கிக் கணக்கில் சேரும்.