தறிக்கும் பெட்டிக்கும் நடுவே எந்த ஒயர்?

முறுக்கு ஏறாத பட்டு இழையை ஆரணியில் யாரும் பாவில் போடத் துணியமாட்டார்கள். இழுவை தாங்காது, பிசிறும், அறுந்துபோகும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மின்னணு ஜக்கார்டுக்குப் போகிற ஒயர் அறுந்தால் மட்டும், கையில் கிடைத்த மின்சார ஒயரை வைத்து ஒட்டி டேப் சுற்றிவிடுகிறோம். தகவல் ஒயருக்கும் முறுக்குதான் உயிர்.

பழைய ஜக்கார்டில், ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் கொக்கி ஏறும், இல்லாத இடத்தில் ஏறாது. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை இது. மின்னணு ஜக்கார்டில் துளைக்குப் பதில் ‘ஆம், இல்லை’ என்ற குறிகள். 240 கொக்கிக்கு 240 ஒயர் இழுக்காமல், அந்தக் குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் அனுப்புவதைத்தான் தொடர்முறைத் தகவல் தொடர்பு என்கிறார்கள்.

இதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்? 240 குறி என்பது 30 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் சேரும் குறிகளோடு 300 ஆகும். நொடிக்கு 9,600 குறி போகும் சாதாரண இணைப்பில் இது கடக்க ஒரு நொடியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு நேரம்தான். நெசவாளி நாடாவை எறிந்து பலகையை அடிப்பதற்குள் தகவல் வந்து காத்திருக்கும். அதனால் ‘அதிவேக கேபிள்’ என்று கடையில் கூடுதல் விலை சொன்னால் கொடுக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது நீளமும் மின் இரைச்சலும்.

முதலில் நீளம். நீளப் பிரச்சினை தறிக்கு மட்டுமல்ல; ஆரணி அரிசிக்கும் பேர்போன ஊர். ஆலைகளின் எடைமேடைக் கருவியிலிருந்து கணினிக்கு வருவது பெரும்பாலும் ஆர்எஸ்-232 இணைப்பு. 1969-ல் வந்த அதன் ‘சி’ பதிப்பு சொல்லும் எல்லை சுமார் 15 மீட்டர். பின்னால் வந்த பதிப்புகள் மீட்டரை விட்டுவிட்டு, ஒயரின் மின்தேக்குத்திறன் மொத்தம் 2,500 பிக்கோஃபாரடைத் தாண்டக் கூடாது என்றன. மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட் உள்ள நல்ல கேபிள் என்றால் கணக்குப்படி 50 மீட்டர் வரை வரும். கேபிள் உறையிலோ தயாரிப்பாளரின் தாளிலோ அந்த எண் இருக்கும், கேட்டு வாங்கலாம். அலுவலகம் அதற்கும் அப்பால் இருந்தால் தடித்த ஒயர் போட்டுப் பயனில்லை. இருபுறமும் மாற்றிக் கருவி (கன்வெர்ட்டர்) வைத்து ஆர்எஸ்-485-க்குப் போவதுதான் சரி. 1983-ல் வந்த அந்த முறை, குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். ஒரே ஜோடியில் 32 கருவிகளை இணைக்கலாம்.

அந்தத் தூரம் முறுக்கினால்தான் கிடைக்கிறது. ஆர்எஸ்-485 இரண்டு ஒயருக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே படிக்கும். ஜக்கார்டைத் தூக்கும் மோட்டாரிலிருந்து இரைச்சல் வந்தால், முறுக்கிய இரண்டு ஒயரிலும் அது ஒரே அளவில் ஏறும். வேறுபாடு எடுக்கும்போது கழிந்துவிடும். தொலைபேசிக்காக அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே ஒயர் ஜோடியை முறுக்குவதற்குக் காப்புரிமை வாங்கினார்.

கணினிக் கடையில் கிடைக்கும் கேட்-5 கேபிளே பெரும்பாலான வேலைக்குப் போதும். அதில் நான்கு ஜோடிகள் உண்டு. ஆனால் ஜோடியில் ஓர் ஒயராக நீலத்தையும் மற்றொன்றாக ஆரஞ்சையும் எடுத்தால் முறுக்கு வீண். நீலமும் நீலக்கோடு போட்ட வெள்ளையும்தான் ஒரு ஜோடி. இன்னொரு ஒயரைப் பொது நிலத்துக்கு (கிரவுண்ட்) ஒதுக்குங்கள். இரண்டு ஒயரே போதும் என்பார்கள், நம்ப வேண்டாம். இரு கட்டடங்களின் நில மின்னழுத்தம் வேறுபட்டால் கருவி தாங்கும் எல்லை மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். திறந்தவெளியில் கட்டடம் விட்டுக் கட்டடம் போனால், மின்னலையும் நினைத்து, மின்பிரிப்பு உள்ள மாற்றியையே வாங்குங்கள்.

தறி அதிரும் பொருள். ஒற்றைக் கம்பி உள்ள கேபிள் சுவரில் நிலையாக ஓட நல்லது, தறியில் கட்டினால் உள்ளுக்குள்ளேயே முறியும். அங்கே பல மெல்லிய கம்பி சேர்ந்த நெகிழ்வான ஒயர் வேண்டும். குழித்தறி வீடுகளில் ஈரம் ஏறும் என்பதால் குழிக்குள் இணைப்பு வைக்காதீர்கள். ஷீல்டு உள்ள கேபிளானால் அந்த உறையை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு சேர்ப்பது நல்லது.

பல தறிகளை இணைக்கும்போது நடுவிலிருந்து கிளை பிரிக்காமல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று கொண்டுபோங்கள். நீண்ட தொடரில் 120 ஓம் மின்தடை இரு கடைசி முனைகளில் மட்டும். ஒரே அறைக்குள், 9,600 வேகத்தில், அது இல்லாமலும் ஓடும்.

ஏற்கெனவே ஓடும் தறியில் புட்டா அடிக்கடி தவறினால், போர்டை மாற்றச் சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள்: தகவல் ஒயரும் மோட்டார் ஒயரும் ஒரே குழாயில் போகின்றனவா? போனால் முதலில் அவற்றை ஓர் அடியாவது தள்ளிப் பிரித்துவிட்டு, நாலு ஊடை ஓட்டிப் பாருங்கள்.