விடை அறியாத வினா

கீரையை ஆய்ந்து சமைக்கிறோம். நூலை ஆய்ந்து பொருள் காண்கிறோம். தொல்காப்பிய உரியியல் ஆய்தல் என்னும் சொல்லுக்கு நுணுக்கப் பொருள் கூறுகிறது. ஆய்வு உயர்பட்டத்தார்க்கே உரியது என்னும் எண்ணம் அச்சொல்லில் இல்லை. கல்வி முறையில் பின்னர்ப் புகுந்தது.

அறிவியல் வகுப்பில் மாணவர் செய்வன பெரும்பாலும் சரிபார்ப்புச் சோதனைகளே. விடை கையேட்டில் முன்னரே உள்ளது. ஆய்விலோ விடையை ஆசிரியரும் அறியார்.

அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், முதலாண்டு மாணவர் மண்ணிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் நச்சுயிரிகளைப் பிரித்தெடுக்கின்றனர். சமூகக் கல்லூரிகளும் அதில் பங்கேற்கின்றன. தமிழர் வாழும் டர்பன் நகரில், 2010இல், இளநிலை மாணவி ஒருவர் அழுகிய கத்தரிக்காயிலிருந்து அத்தகைய நச்சுயிரி ஒன்றைக் கண்டெடுத்தார். மருந்துக்கு அடங்காத தொற்றால் வருந்திய பிரிட்டிஷ் சிறுமிக்குச் செலுத்திய மூன்று நச்சுயிரிகளுள் அதுவும் ஒன்று. அவர் உடல்நிலை முன்னேறிய செய்தி 2019இல் வெளியாயிற்று.

மலேசியாவில் சமூகக் கல்லூரிகள் 2001 முதல் இயங்குகின்றன. அங்குச் செல்வோர்க்குக் கைத்தொழில் போதும் என நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அம்பாங் ஆற்று நீரின் கலங்கலும் அமிலத்தன்மையும் மழைக்குப்பின் எவ்வாறு மாறுகின்றன என்று வாரந்தோறும் அளக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒரு பருவத்தில் முடியாததை அடுத்த அணியினர் தொடரலாம்; பதிவேடு மட்டும் ஒழுங்காயிருத்தல் வேண்டும். அளந்த முறைக்கும் பதிவின் நேர்மைக்குமே மதிப்பெண் வழங்குக. எதிர்பாராத அளவைப் பிழையென அடித்துவிட்டால், மாணவர் மீண்டும் கையேட்டையே பார்த்து எழுதுவர்.