வகுப்பறைக்குள் வந்த பறை

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை அண்ணன்' என்றே அறியப்பட்டவர். கிராமத்துப் பாட்டையும் பழமொழியையும் ஆராய்ந்ததோடு நில்லாமல், அந்த மெட்டுகளிலேயே வழிபாட்டுப் பாடல்களையும் இயற்றினார். இவற்றைக் 'கலைப்பணி' என்று பாராட்டிவிட்டு, இறையியலை வேறு அலமாரியில் தேடுவது நம் வழக்கம். அந்தப் பாடல்கள்தாம் அவருடைய இறையியல் என்பேன்.

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் நெடுங்காலம் கோலோச்சியவை இரண்டு: மேலை மெட்டில் பாமாலை, கர்நாடக மெட்டில் கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் ஒப்பற்றவை, ஐயமில்லை. ஆனால் இரண்டையும் கற்றவரிடம்தான் கற்க வேண்டும். பிழையாகப் பாடினால் திருத்த ஆள் உண்டு. கும்மியிலும் ஒப்பாரியிலும் அப்படியில்லை. பாடுகிறவளே அடியைக் கூட்டுவாள், குறைப்பாள். அந்த வடிவம் வழிபாட்டுக்குள் வந்தால், கடவுளைப் பற்றிப் பேசும் உரிமையும் போதகரிடமிருந்து சபைக்குக் கைமாறுகிறது. அப்பாவு வலியுறுத்திய 'ஒரே உலை'க் கருத்தும் இந்த வழியில் வந்ததே. யார் கையால் சமைத்ததை யார் உண்பது என்பதில் சாதி காவல் நிற்கும் நாட்டில், எல்லோரும் அரிசி கொண்டுவந்து ஒன்றாகப் பொங்கி உண்பது திருவிருந்துக்கு எழுதப்பட்ட உரைதான்.

மக்கள் வாழ்வை விவரிப்பது இனவரைவியல்; எது மெய் என்று அது சொல்லுமா என்று கேட்பவர்கள், விவிலியத்தின் சங்கீதப் புத்தகமே பாட்டுத் தொகுப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள். கனமான மறுப்பு வேறொன்று. நாட்டார் பாட்டு ஆலயத்துக்குள் வந்தால் அதோடு பறையும் வரும்; பறையடிப்பதோ பல ஊர்களில் தலித்துகள்மேல் சுமத்தப்பட்ட சாவுத் தொழில். மானம் காக்க அதைக் கைவிட்டவர்களின் ஆலயத்துக்குள் அதையே திரும்பக் கொண்டுவரலாமா? நாட்டார் வழக்கில் அடிமைத்தனமும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. மக்களே அதை மாற்றிப் படைக்க முடியும் என்பது அப்பாவுவின் நிலைப்பாடு. 1998இல் வெளிவந்த தம் நூலில் இறையியலாளர் சத்தியநாதன் கிளார்க்கும் பறையைக் கிறிஸ்துவைப் புரிந்துகொள்ளும் குறியீடாக எடுத்தாண்டார். எனினும் இந்தப் பதில் பாதி தூரமே செல்கிறது. பறை வேண்டாம் என்று ஒரு சபை சொன்னால், அந்த மறுப்பையும் மக்கள் இறையியலாக ஏற்கத்தான் வேண்டும்; கல்லூரி முடிவுசெய்து கிராமத்தில் இறக்கிய பறை இன்னொரு பாமாலையே.

இறையியல் கல்லூரிகள் அப்பாவுவின் பாடல்களை விழா மேடையோடு நிறுத்திவிடாமல், கிறிஸ்தியல் வகுப்பின் பாடநூலாக வைக்கட்டும். மாணவர்கள் அவற்றோடு வாதாடட்டும்.