வெட்டுவதற்கு முன் இரண்டு டொக்டர்மாரும் பேசட்டும்

மூட்டுவாதமோ லூப்பஸோ இருக்கிற ஒருவர் பிரெட்னிசலோன் குளிசையைச் சில மாதம் தொடர்ந்து போட்டால் முகம் உருண்டுவிடும், வயிறு பருக்கும், பிடரியில் சதை திரளும். பசி அடங்காது. மூட்டு வலியால் நடந்து திரியவும் ஏலாது. பாலமுனையிலிருந்து கல்முனை வரை எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இவர்களுக்குக் கிடைக்கும் புத்திமதி ஒன்றுதான்: "கொஞ்சம் வாயக் கட்டுங்க ராத்தா." வாயைக் கட்டாததால் வந்த பருமன் அல்ல இது. நோயும் மருந்தும் சேர்ந்து கொடுத்தது. அதற்காக ஒருவரைக் கூச வைப்பது அநியாயம்.

இப்போது அந்தப் புத்திமதியோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. போனைத் திறந்தால் எடை குறைக்கும் சத்திரசிகிச்சை விளம்பரம். முன்பு இப்படி, பின்பு இப்படி என்று இரண்டு படம், கீழே கொழும்பிலோ சென்னையிலோ உள்ள வைத்தியசாலையின் இலக்கம். தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் இதைச் செய்துகொள்ளலாமா? செய்யலாம், பலருக்கு நன்மையும் கிடைத்திருக்கிறது. ஆனால் உங்கள் நோயைப் பல காலமாகப் பார்த்துவரும் வைத்தியரும், உங்களை வெட்டப்போகும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவரோடொருவர் பேசி, எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று எழுத்தில் முடிவெடுக்காத வரை மேசையில் ஏறாதீர்கள். அந்தப் பேச்சு நடக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் வயிற்றைக் கொடுக்க வேண்டாம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கினால் அது தன்னெதிர்ப்பு நோய். முடக்குவாதம், லூப்பஸ், சொரியாசிஸ், ஹஷிமோட்டோ தைரொயிட், முதலாம் வகை நீரிழிவு, குடலைத் தாக்கும் குரோன்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கொழுப்பு சும்மா கிடக்கும் சதையல்ல. அழற்சியைத் தூண்டும் பொருட்களை அது ஓயாமல் சுரக்கிறது. அதனால் எடை குறையும்போது சிலருடைய நோயும் தணிகிறது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், சத்திரசிகிச்சை செய்துகொண்ட முடக்குவாத நோயாளர் 53 பேரை ஆராய்ந்து 2015இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் அவர்களில் 57 வீதமானோருக்கு நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தது. 12 மாதத்தின் பின் அப்படி இருந்தவர்கள் 6 வீதம். நல்ல செய்திதான். என்றாலும் 53 பேர் சிறிய தொகை, அவர்கள் வழமையான மருந்துகளையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். "ஒப்பரேசன் செய்தால் வாதம் போய்விடும், குளிசையை விடலாம்" என்று யாராவது சொன்னால் அது பொய்.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கு உடற்திணிவுச் சுட்டி என்ற கணக்கு இருக்கிறது. கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. 155 சென்ரிமீற்றர் உயரமும் 85 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு அது 35ஐத் தாண்டும். 1991 முதல் நீண்டகாலம் 40, அல்லது வேறு நோய்களோடு 35 என்பதே எல்லையாக இருந்தது. 2022இல் சர்வதேசச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் அதை 35 ஆக்கின. நம்மைப் போன்ற ஆசிய உடல்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றன. எல்லை இறங்கியதால் வியாபாரத்துக்கும் வழி அகன்றிருக்கிறது. எண் பொருந்துகிறது என்பது மட்டும் வெட்டுவதற்குக் காரணமாகிவிடாது.

முதலில் அந்த எடை என்ன எடை என்று பார்க்க வேண்டும். லூப்பஸ் சிறுநீரகத்தைப் பிடித்தால் காலும் முகமும் நீர் கோத்து வீங்கும். தராசில் அதுவும் கிலோவாகத்தான் தெரியும். அது கொழுப்பல்ல, உடனே வைத்தியம் வேண்டிய ஆபத்து. தைரொயிட் குறைந்தாலும் எடை ஏறும், ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிரெட்னிசலோன்தான் காரணமென்றால், அதைக் குறைத்து வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று வாத நோய் நிபுணரிடம் கேட்பதே முதல் வேலை.

இனி ஆபத்துகள். பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி அகற்றப்படுகிறது. அகற்றியதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் முறையில் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைக்கிறார்கள். ஸ்டீரொயிட்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் எடுப்பவருக்குத் தையல் ஆறப் பிந்தும், கிருமி தொற்றும் வாய்ப்பு கூடும், இணைத்த இடம் கசியலாம். குரோன்ஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பைபாஸைத் தவிர்க்கிறார்கள். லூப்பஸ் உள்ளவர்களில் சிலருக்கு இரத்தத்தை உறையவைக்கும் ஓர் எதிர்ப்பொருள் இருக்கும். அது இருக்கிறதா என்று சோதிக்காமல் வெட்டினால் காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி அடைக்கலாம். பலமுறை கரு கலைந்த பெண்கள் அதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும், அந்த எதிர்ப்பொருளுக்கு அதுவும் ஓர் அடையாளம்.

பிரெட்னிசலோனைச் சில கிழமைகளுக்கு மேல் எடுத்தவருடைய அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பயந்து தானாகவே குளிசையை நிறுத்தினால், மேசையில் இரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம் என்பதை மயக்க மருந்து வைத்தியருக்கு நீங்களே சொல்லுங்கள். வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுப்பது. சத்திரசிகிச்சையின் பின் வீட்டில் குளிசைகளை இடித்துக் கொடுக்கும் முதல் கிழமைகளில் அதைத் தினமும் கொடுத்துவிட்டால் நஞ்சாகும். அதை வீட்டில் இடிக்கவும் கூடாது. ஊசியாகவும் கிடைக்கிறது, கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகைக் குளிசைகளையும் இடிக்கக் கூடாது. பைபாஸுக்குப் பிறகு தைரொயிட் குளிசை உட்பட மருந்துகள் உறிஞ்சப்படும் அளவு மாறும், இரத்தம் பார்த்து அளவைத் திருத்த வேண்டும்.

மூட்டுவாதக்காரரின் கைப்பையில் டைக்ளோபினாக், இபுபுரூபன் எப்போதும் இருக்கும். பார்மசியில் கேட்டதும் கிடைக்கும். பைபாஸ் செய்தவருக்கு இவை இணைப்பில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியவைக்கும், சில வேளை துளையே விழும். ஸ்டீரொயிட்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வலிக்கு இனி என்ன மருந்து என்ற பதில் இல்லாமல் பைபாஸுக்குச் சம்மதிக்கக் கூடாது.

இன்னொன்றைக் குறிப்பாகப் பாலமுனைக்காரர் அறிய வேண்டும். கொழும்பில் வெட்டிவிட்டு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பிய ஒருவருக்கு மூன்றாம் கிழமை வாந்தி நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். களைத்துப்போயிருக்கிறார் என்று குளுக்கோஸ் சேலைன் ஏற்றப்படுகிறது. ஓயாத வாந்தியில் விற்றமின் பி1 தீர்ந்துபோன உடலுக்கு, பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும். கண் இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சுக் குழம்பும், சில பாதிப்புகள் திரும்பி வராது. கூட வந்தவர் வாசலிலேயே சொல்ல வேண்டிய வசனம்: "இவருக்கு இரைப்பை ஒப்பரேசன் செஞ்சிருக்கு, முதல்ல பி1 ஊசி போடணுமா எண்டு பாருங்க டொக்டர்." இதை ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, அது இலவசம்.

பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை ஆயுள் முழுக்கத் தேவை. ஸ்டீரொயிட் ஏற்கெனவே எலும்பை அரித்திருக்கும். லூப்பஸ்காரர் வெயிலையும் தவிர்ப்பவர், ஆகவே டி இன்னும் குறைவாகவே இருக்கும். இந்தக் குளிசைகளுக்கு மாதாமாதம் ஆகும் செலவைச் சத்திரசிகிச்சைக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸின் பின் கருத்தடைக் குளிசையை நம்பியிருக்க முடியாது, வேறு முறை கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் லூப்பஸுக்குக் கொடுக்கும் மைகோபினொலேட்டும் கருவிலுள்ள பிள்ளைக்குக் கேடு.

நமது ஊர்ப் பழக்கத்தோடு தொடர்புபட்ட சில விடயங்களைக் கொழும்பு வைத்தியர் தானாகச் சொல்லமாட்டார். ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற வாழ்க்கை நமது. வெட்டிய பின் ஆரம்ப மாதங்களில் சில கரண்டிதான் இறங்கும், மெதுவாக மென்று சாப்பிட வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தும் வீட்டார் நோயாளியை வாந்திக்குத் தள்ளுகிறார்கள். நோன்பு வேறு பிரச்சினை. நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்தால்தான் போதிய நீர் உள்ளே போகும் என்பதால் முதல் வருட நோன்பைத் தவிர்க்கச் சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு. வைத்தியரின் கடிதத்தோடு ஆலிமிடம் கேட்டால் பிறகு நோற்கும் கழாவா, ஈடாகக் கொடுக்கும் பித்யாவா என்று தெளிவாகிவிடும்.

இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் எனொக்ஸாபரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து தயாரிக்கப்படுவது. உயிரைக் காக்கும் நிர்ப்பந்தம் என்று பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். செயற்கையாகத் தயாரிக்கும் பொண்டாபரினக்ஸ் என்ற மருந்தும் இருக்கிறது, அது எல்லோருக்கும் பொருந்தாது. முடிவு எதுவானாலும் முன்கூட்டியே கேட்டு அறிந்து எடுக்க வேண்டும். ஊசி போட்டு முடிந்த பிறகு கேள்விப்பட்டு மனம் உடைந்து, மீதி ஊசிகளை நிறுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்து.

சம்மதப் படிவத்துக்கு வருவோம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளை நீட்டி, சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவில் "இதில ஒரு ஒப்பம் போடுங்க" என்றால் அது சம்மதம் ஆகாது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. என்ன முறை, ஏன் அந்த முறை, என்னுடைய நோய்க்கு என்ன கூடுதல் ஆபத்து, செய்யாவிட்டால் வேறு என்ன வழி என்பவற்றைத் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். கணவரோ காக்காவோ ஒப்பமிட்டால் போதாது. புத்தி தெளிவாக உள்ள வளர்ந்த ஒருவருடைய உடலுக்கு அவருடைய சம்மதமே சம்மதம். வேறொரு நிபுணரிடம் போய்க் கேட்கவும், மேசைக்கு ஏறும் வரை வேண்டாமென்று சொல்லவும் உங்களால் முடியும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பாலமுனை வைத்தியசாலையிலோ அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையிலோ கடிதம் வாங்கி நிபுணர் கிளினிக் வழியாகப் போவதே நல்ல பாதை. காத்திருக்க வேண்டிவரும். ஸ்டேப்ளர் போன்றவற்றை வெளியில் வாங்க வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாரிடம் போனால் அந்த நிறுவனம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவுசெய்யப்பட்டதா, வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து வெட்டிவிட்டுப் போகிறவருக்கும் அந்தப் பதிவு வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைக்கும் சத்திரசிகிச்சைக்குப் போய், நிலைமை மோசமாகி, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது, அந்த மருத்துவமனையின் பதிவு இடைநிறுத்தப்பட்டது. இந்தியாவுக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அங்கே நோயாளி கேட்டால் 72 மணித்தியாலத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. விமானம் ஏறுவதற்கு முன்பே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பதிலாக ஊசி என்று ஒசெம்பிக் தேடுவோருக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் போலிகள் பற்றி எச்சரிக்கை விட்டது. ஆள் மூலம் கைக்குக் கை வரும் ஊசியை வாங்க வேண்டாம்.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் பதிவுகளைத் திரட்டுங்கள். அரச வைத்தியசாலை உங்கள் சொந்தப் பதிவைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வைத்தியரின் நடத்தை பற்றி இலங்கை மருத்துவ சபையிடமும், தனியார் நிறுவனம் பற்றித் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையிடமும், அரச சேவை பற்றிக் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடமும் முறையிடலாம். அரச வைத்தியசாலையில் பாரபட்சம் நடந்ததென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைக் காரியாலயத்துக்கு ஒரு மாதத்துக்குள் போங்கள், பிந்த வேண்டாம். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடமே காலம். வழக்கு இலகுவல்ல. பிள்ளையை இழந்த ஒரு தந்தை வைத்தியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும், 2001இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. கவனயீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். கவனயீனத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அதனால்தான் கேடு வந்தது என்றும் காட்ட வேண்டும். எந்தத் திகதியில் எந்த மருந்து நிறுத்தப்பட்டது, யார் நிறுத்தச் சொன்னார் என்று கொப்பியில் எழுதிவைத்தவருக்குத்தான் அது முடியும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இவை எதுவும் தெரியாமல் ஏற்கெனவே செய்துகொண்டவர்களும் நம்மிடையே இருப்பார்கள். வைத்தியசாலையிலிருந்து வரும்போது தந்த டிஸ்சார்ஜ் காட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வாத நோய் கிளினிக்குக்குப் போங்கள். எந்த முறை செய்தார்கள் என்று காட்டுங்கள். நிறுத்திவைத்த மருந்துகளை மீண்டும் எப்போது தொடங்குவதென்று கேளுங்கள். பி12, இரும்பு, டி, தைரொயிட் பரிசோதனைகளுக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். கைப்பையிலுள்ள டைக்ளோபினாக்கையும் எடுத்து மேசையில் வையுங்கள், இதைப் போடலாமா என்று அவரே சொல்லட்டும்.